தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனி எழுத்துரு உதவுமா? எந்த எழுத்துரு, எந்த அளவு?

குடமுருட்டிக்கரை கேட்டது:

வணக்கம். பாபநாசம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. 4, 5, 6 வகுப்புகளில் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு) என்று மதிப்பீட்டில் உறுதியான பிள்ளைகள் 3 பேர். மூவருக்கும் கண் பரிசோதனை முடிந்தது, பார்வையில் குறையில்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். அவர் வராத நாட்களில் வகுப்பில் கொடுக்கும் தாள்களை இவர்கள் படிக்கிற மாதிரி அச்சிட்டுத் தர வேண்டும். அதற்குத்தான் வழி கேட்கிறேன்.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்றே வடிவமைத்த ஓப்பன் டிஸ்லெக்சிக் எழுத்துருவை இறக்கி, வேர்டில் பாடத்தைத் தட்டச்சு செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவுக்கு மாற்றியாகிவிட்டது. பெட்டியில் அதன் பெயர்தான் தெரிகிறது. ஆனால் தமிழ் எழுத்து கொஞ்சமும் மாறவில்லை. ஆங்கிலமும் எண்களும் மட்டும் அடி கனத்து வருகின்றன.

பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் கையேட்டில், எழுத்துகளுக்கு நடுவே சராசரி எழுத்தின் அகலத்தில் சுமார் 35 சதவீதம் இடைவெளி விடலாம் என்று இருக்கிறது. தமிழில் அப்படி விட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று போய்விடுகிறது.

பிள்ளைகள் செய்யும் பிழைகள்: ‘காலை’யைக் ‘கரலை’ என்று படிப்பது, புள்ளியை விட்டுவிடுவது, கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறுவது, ன-ண, ல-ள-ழ குழப்பம், படித்துக்கொண்டே வந்து ஒரு வரியைத் தாண்டிவிடுவது.

கேள்விகள்: தமிழுக்கு எந்த எழுத்துரு? எந்த அளவு? இடைவெளி எப்படி? கும்பகோணத்தில் ஜெராக்ஸ் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

---

சொல்லோசை பதில்:

டீச்சர், முதலில் அந்த மாறாத எழுத்து. ஓப்பன் டிஸ்லெக்சிக்கில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை வேர்டு வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ அல்லது லதா. பெட்டியில் ஒரு பெயர், தாளில் வேறு எழுத்துரு. வேறு எந்த எழுத்துருவை நிறுவினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: அந்த எழுத்துருவுக்கு மாற்றும் முன்னும் பின்னும் ஒரே சொல்லை அச்செடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கோடுகள் அப்படியே பொருந்தினால் எழுத்துரு மாறவில்லை.

இனி, அந்த மாதிரித் தனி எழுத்துருவைத் தமிழுக்குத் தேட வேண்டுமா என்பது. ஆங்கிலத்துக்கே அந்த எழுத்துருக்களால் பெரிய பயன் தெரியவில்லை. ஸ்பெயினில் லூஸ் ரெல்லோவும் ரிக்கார்டோ பேசா-யேட்ஸும் 2013இல் டிஸ்லெக்சியா உள்ள 48 பேரை 12 எழுத்துருக்களில் படிக்க வைத்துக் கண்ணசைவை அளந்தார்கள். ஓப்பன் டிஸ்லெக்சிக்கில் படிப்பு வேகமாகவில்லை. சாய்வெழுத்துதான் படிப்பைக் கெடுத்தது. டச்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் பூர் உருவாக்கிய டிஸ்லெக்சி என்ற எழுத்துருவை 2016இல் ஆஸ்திரேலியாவில் ஏரியலோடு ஒப்பிட்டபோது அதில் சற்று வேகமாகப் படித்தார்கள். ஆனால் ஏரியலிலும் அதே அளவு இடைவெளி விட்டதும் அந்த வித்தியாசம் போய்விட்டது. அதாவது உதவியது இடைவெளி, எழுத்தின் வடிவம் இல்லை. 2012இல் மார்க்கோ சோர்சி குழுவினர் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதையே: 14 பாயின்ட் எழுத்தில் எழுத்திடைவெளியை 2.5 பாயின்ட் கூட்டியதும் பிழை குறைந்தது, வேகம் கூடியது.

இவை எல்லாம் லத்தீன் எழுத்தில் செய்தவை. தமிழுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. அந்த எழுத்துருக்கள் பிறந்த காரணமே b-யும் d-யும், p-யும் q-வும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பதுதான். தமிழில் அந்த வகைச் சோடிகள் இல்லை. நம் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் வேறு. நீங்கள் சொன்ன பட்டியலே அதைக் காட்டுகிறது.

ஒன்று, காலும் ரகரமும். ‘கா’வும் ‘கர’வும், ‘கொ’வும் ‘கெர’வும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரகரத்துக்குக் கீழே சரிந்து இறங்கும் கோடு தெளிவாக இருந்தால்தான் இரண்டும் வேறு என்று தெரியும். அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் அந்தக் கோடு மொட்டையாகிவிடும். ‘காலை’யைக் ‘கரலை’ என்று படிக்கும் பிள்ளைக்கு எழுத்துரு உண்மையிலேயே உதவும் இடம் இது.

இரண்டு, எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுவது. ‘கெ’ என்பதில் கண்ணுக்குக் கொம்பு முதலில் வருகிறது, வாய்க்குக் ககரம் முதலில் வருகிறது. ‘கொ’வில் உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து இருபக்கமும் நிற்கிறது. எனவே நடுவே இடைவெளி விழுந்தால் கொம்பு எந்த எழுத்துக்குச் சொந்தம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. 35 சதவீத விதி தமிழில் உடைவது இதனால்தான். தமிழில் விட வேண்டியது எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே. கொம்புக்கும் மெய்க்கும் நடுவே அல்ல.

மூன்று, புள்ளி. அது சின்னது, தடித்த எழுத்தில் மேல்கோட்டோடு ஒட்டிவிடும், ஜெராக்ஸில் காணாமல் போகும்.

நான்கு, உகர ஊகாரக் குறிகள். சு, பு, யு, வு ஒரு குடும்பம். டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, ணு, லு, னு, று வேறொன்று. இதை எந்த எழுத்துருவும் சரி செய்யாது. குடும்பம் குடும்பமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும்.

ல-ள-ழ, ன-ண, ர-ற குழப்பத்தை எழுத்துருக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேச்சில் ழகரம் ளகரமாகப் போகும் வீடுகளில் பிள்ளைக்கு ஒலியில் துப்பே கிடைக்காது. அது எழுத்தறிவுப் பாடம். வாழை–வாளை, களை–கலை, கரை–கறை, பனி–பணி என்று பொருளோடு சேர்த்துச் சோடி கட்டிப் பழக்குங்கள். வயலில் பிடுங்குவது களை, ஆற்றில் பிடிப்பது வாளை, கொல்லையில் நிற்பது வாழை. டெல்டாப் பிள்ளைக்கு இவை மூன்றும் கண்ணால் கண்ட பொருட்கள், ஆகவே படத்தோடு சேர்த்தால் பிடித்துக்கொள்வார்கள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை வரி. இதை 16 பாயின்டில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்:

கா கர கொ கெர கெ கே கி கீ க க் ஒ ஓ எ ஏ ன ண ந த ல ள ழ பு பூ து தூ

எந்தச் சோடி ஒன்றாகத் தெரிகிறதோ அந்த எழுத்துரு வேண்டாம். ‘கௌ’வையும் ‘கெள’வையும் மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம். பெரும்பாலான எழுத்துருக்களில் அவை ஒன்றுபோலவே இருக்கும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், மூன்றிலும் பல தடிப்புகள் உண்டு. ரெகுலர் அல்லது மீடியம் தடிப்பு போதும். கவிவாணர் கையெழுத்துச் சாயலில் சாய்ந்தது, பலூ தம்பி தலைப்புக்கான தடித்த எழுத்துரு. பாடத்துக்கு இரண்டும் வேண்டாம்.

---

வெண்ணாறு டிடிபி பதில்:

சொல்லோசை மேடம் எழுத்தின் குணத்தைச் சொல்லிட்டாங்க. நான் வேர்டு, அச்சு, ஜெராக்ஸ் பக்கம் சொல்றேன்.

டீச்சர், பாடத்தை யூனிகோடில்தான் தட்டணும். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிச்ச கோப்பு இருந்தா முதலில் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குங்க. காரணம் ரெண்டு. பழைய எழுத்துருவில் கொம்பு, எழுத்து, கால் மூணும் தனித்தனி விசை. கணினிக்கு ‘கொ’ ஓர் எழுத்துன்னே தெரியாது, மூணு எழுத்துன்னு நினைச்சு மூணுக்கும் நடுவே சமமா இடைவெளி விடும். பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடுற கடைகளில் இந்தப் பிரச்சினை கட்டாயம் வரும். ரெண்டாவது, அந்தக் கோப்பைப் போன் வாய்விட்டுப் படிக்காது. தமிழ் எழுத்தா நமக்குத் தெரியறது அதுக்கு ஆங்கிலக் குப்பையாத்தான் தெரியும்.

வேர்டில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ கணக்கில் வரும். கன்ட்ரோல் டி அழுத்தினா வர்ற பெட்டியில் அந்தப் பகுதி தனியா இருக்கும். எழுத்துருவும் அளவும் அங்கேயும் வைக்கணும். மேலே மட்டும் 18 வெச்சுட்டு கீழே 11 அப்படியே இருந்தா ஆங்கிலம் பெருசாகும், தமிழ் அப்படியே நிக்கும். லிப்ரே ஆபீஸிலும் ‘சிடிஎல்’ எழுத்துருன்னு இதே மாதிரி தனியா ஒண்ணு உண்டு.

அளவு: 4, 5 வகுப்புக்கு 18 பாயின்ட், 6க்கு 16. ஆங்கிலத்தில் 12, 14ன்னு சொல்றதை அப்படியே எடுக்காதீங்க, தமிழில் ஒரே கட்டத்துக்குள்ளே சுழி, வளைவு அதிகம். வரி இடைவெளி 1.5. ஒற்றை இடைவெளியில் விட்டா மேல்வரி ‘மு’வின் வாலும் கீழ்வரி ‘க்’கின் புள்ளியும் கிட்டத்தட்ட தொட்டுக்கும். வரி தாண்டுற பிள்ளைக்கு இந்த ஒண்ணை மாத்தினாலே நிறைய சரியாகும்.

எழுத்திடைவெளி: அதே பெட்டியில் அட்வான்ஸ்டு, ஸ்பேசிங், எக்ஸ்பாண்டட். 0.5 பாயின்டில் தொடங்கி 1 வரைக்கும் போங்க. ஒவ்வொரு தடவையும் ‘கொடுக்கோலோடு பௌர்ணமி’ன்னு அர்த்தமில்லாத ஒரு வரியைத் தட்டிப் பாருங்க. கால் எழுத்தை விட்டு நகர்ந்துட்டா அந்த எழுத்துருவுக்கு அந்த அளவு ஆகாது, பின்னாடி வந்துடுங்க. எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும், வேர்டு பதிப்புக்குப் பதிப்பும் வேறுபடும். சரிவரலைன்னா எழுத்திடைவெளியைச் சும்மா விட்டுட்டு அளவை 2 பாயின்ட் கூட்டுங்க. எழுத்து உடையாம இடைவெளியும் சேர்ந்து பெருசாகிற ஒரே வழி அது.

சொல்லிடைவெளி இதைவிட முக்கியம். கன்ட்ரோல் எச் போட்டு ஓர் இடத்தை ரெண்டு இடமா மாத்துங்க. இரண்டு பக்கமும் சமன் செய்யாதீங்க, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. சமன் செஞ்சா வரிக்கு வரி சொல்லிடைவெளி கூடிக் குறையும், பக்கத்து நடுவில் வெள்ளை ஓடை ஓடும். வரி முடியும் இடத்தில் சொல்லை வெட்டுறதும் கூடாது. நம்ம பத்திரிகைப் பழக்கம், ‘படித்துக்கொண்டி’ன்னு நிறுத்தி ‘ருந்தான்’னு அடுத்த வரியில் போடுவோம், நடுவில் ஒரு சின்னக் கோடுகூட இருக்காது. இந்தப் பிள்ளைங்களுக்கு அது ரெண்டு புரியாத சொல்.

ஏ4 தாளில் ரெண்டு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம் விட்டா 16 செ.மீ. வரி. 18 பாயின்டில் நாலைந்து சொல் வரும், அது போதும். பாடநூலின் ஒரு பக்கம் இதில் மூணு பக்கமாகும். மூணு பிள்ளைக்குத்தானே, தாங்கும்.

தாள்: 80 ஜிஎஸ்எம் (தாளோட கனம்), வெளிர் மஞ்சள் அல்லது தந்த நிறம். 70இல் பின்பக்க எழுத்து முன்னாடி தெரியும், பிள்ளை அதையும் சேர்த்துப் படிக்கப் பார்க்கும். முடிஞ்சா ஒரு பக்கம் மட்டும் அச்சடிங்க. பளபள லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அடிச்சு எழுத்து மறையும். மேட் லேமினேஷன் கேளுங்க.

கும்பகோணத்தில் எந்தக் கடையா இருந்தாலும் ஒரு விஷயம்: ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு பிரதிக்கும் புள்ளி கொஞ்சம் கொஞ்சமா கரையும், ரெண்டாவது தலைமுறையில் ‘க்’ வெறும் ‘க’ ஆயிடும். கண்ணாடியில் தூசி இருந்தா இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். பிள்ளை படிச்சதில் தப்பில்லை, தாளில்தான் தப்பு. பென்டிரைவில் பி.டி.எஃப் கொடுத்து நேரா லேசர் அச்செடுக்கச் சொல்லுங்க. எழுத்துருவை பி.டி.எஃப்புக்குள்ளே பதிச்சுட்டுக் கொடுங்க, வேர்டு கோப்பாக் கொடுத்தா கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, திரும்பவும் லதாவில் வந்து நிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் நமத்துப்போகும். ஈரத்தாளில் டோனர் சரியா ஒட்டாது, விரலால் தேய்ச்சா உதிரும், புள்ளிதான் முதலில் போகும். பிரிச்ச கட்டைப் பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டி வைங்க.

---

நீடாமங்கலத்தான் பதில்:

இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனாலும் ஓப்பன் டிஸ்லெக்சிக்கை அப்படியே ஒதுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத் தாளை அதில் கொடுத்தால் சில பிள்ளைகள் விரும்பிக் கையில் எடுக்கிறார்கள். எடுக்கவே மாட்டேன் என்கிற பிள்ளை எடுத்தால் அதுவே பெரிய விஷயம்தானே?

இன்னொன்று, நிறம். உயிர்மெய்களை ஒன்று கறுப்பு, அடுத்தது கருநீலம் என்று மாற்றி மாற்றி அச்சிட்டால் எழுத்தின் எல்லை தெரிகிறது. ‘கொ’ முழுவதும் ஒரே நிறத்தில் இருப்பதால் கொம்பும் காலும் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி விட்டுச் செய்ய முடியாததை நிறத்தால் செய்யலாம். இது சரியா?

---

சொல்லோசை பதில்:

நிற யோசனை நல்லது சார், தமிழுக்கென்றே பொருந்துவது. சில எச்சரிக்கைகள் மட்டும். சிவப்பும் பச்சையும் வேண்டாம், நிறக்குருடு உள்ள பிள்ளைக்கு இரண்டும் ஒன்று. இரண்டு நிறத்துக்கு மேல் போக வேண்டாம். நிறம் புதுப் பாடத்துக்கு மட்டும், அதே பத்தியை மூன்றாம் முறை படிக்கும்போது முழுக் கறுப்பில் கொடுக்க வேண்டும். பாடநூலும் கேள்வித்தாளும் கறுப்பில்தான் வரப்போகின்றன. வேர்டில் ஒன்று கவனியுங்கள்: கொம்பை மட்டும் தனி நிறமாக்க முயன்றால் எழுத்து உடைந்து புள்ளி வட்டம் தோன்றலாம். முழு உயிர்மெய்யையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

பிள்ளை விரும்புகிறதா என்பது நியாயமான அளவுகோல். ஆங்கிலத் தாளுக்குப் பிள்ளையே கேட்டால் கொடுங்கள், அதனால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. கவலை வேறு இடத்தில். எழுத்துருவை மாற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று ஒலிப்பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் ஒலியைப் பிரித்து அடையாளம் காண்பதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. ‘மடை’ என்ற சொல்லில் ‘ம’வை எடுத்துவிட்டு ‘க’ வைத்தால் என்ன வரும் என்று வாயால் கேட்கும் விளையாட்டு தினமும் 10 நிமிடம் நடக்க வேண்டும். மடை, கடை, தடை, நடை, படை, விடை, குடை. தாளும் வேண்டாம், எழுத்துருவும் வேண்டாம்.

ஒரு மாற்றம் உண்மையில் உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள விருப்பம் போதாது, அளந்து பாருங்கள். ஒரே வகுப்புத் தரத்தில், முன்பு படிக்காத, சுமார் 80 சொல் கொண்ட நான்கு பத்திகள் எடுங்கள். முதல் நாள் பழைய அமைப்பு, இரண்டாம் மூன்றாம் நாள் புது அமைப்பு, நான்காம் நாள் மீண்டும் பழையது. பழகுவதால் வரும் முன்னேற்றம் இப்படி வைத்தால் இருபக்கமும் சமமாகப் பங்காகிவிடும். தினமும் ஒரே நேரம், காலை முதல் பாடவேளை நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். ஒரு நிமிடம் படிக்கவிட்டு, சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். பிழைகளைப் பெட்டி பெட்டியாகக் குறியுங்கள்: கால்–ர, கொம்பு, குறில்–நெடில், புள்ளி, ல-ள-ழ, வரி தாண்டல்.

மூன்று நான்கு சொல் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பிள்ளை முந்தின இரவு சரியாகத் தூங்காவிட்டாலே அவ்வளவு மாறும். பெட்டிகளைப் பாருங்கள். வரி தாண்டல் மட்டும் குறைந்தால் வரி இடைவெளி வேலை செய்திருக்கிறது. கால்–ர குறைந்தால் எழுத்துரு. ல-ள-ழ அப்படியே நின்றால் எதிர்பார்த்ததுதான். எதுவுமே மாறவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குத் தனித் தாள் அடிக்கும் நேரத்தை ஒலிப்பயிற்சிக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, ஒரே நாளில் எழுத்துரு, அளவு, நிறம், தாள் நான்கையும் மாற்றாதீர்கள். எது உதவியது என்று பிறகு சொல்ல முடியாது. முதலில் அளவும் வரி இடைவெளியும், அடுத்த வாரம் எழுத்துரு, அதன்பின் நிறம்.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பெட்டியில் 11 என்றே இருந்தது, மாற்றியதும் சரியாகிவிட்டது. சோதனை வரியில் நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாகத் தெரிகிறது.

மீதி மூன்று சந்தேகம். நீளச் சொற்களைப் பிரித்து எழுதலாமா, இலக்கணப் பிழையாகிவிடாதா? பள்ளி நூலகத்துப் பழைய கதைப் புத்தகங்களைக் கொடுக்கலாமா? 6ஆம் வகுப்புப் பிள்ளைக்குத் தேர்வில் கேள்வித்தாளை இப்படி அச்சிட்டுத் தர முடியாத இடத்தில் என்ன செய்வது?

---

மன்னை வாசகர் பதில்:

நீளச் சொல்: பிரிக்கலாம், ஆனால் சொல் எல்லையில் மட்டும். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதைப் ‘படித்துக் கொண்டு இருந்தார்கள்’ என்று எழுதினால் இலக்கணம் கெடாது, வல்லினம் மிகும் இடத்தில் ‘க்’கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘நெல்லறுக்கப்போனவர்களெல்லாம்’ மாதிரிப் புணர்ந்தவற்றை ‘நெல் அறுக்கப் போனவர்கள் எல்லாம்’ என்று அவிழ்க்கலாம். வேர்ச்சொல்லின் நடுவே கோடு போட்டுப் பிரிக்க வேண்டாம். விகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்ட வேண்டுமென்றால் பென்சிலால் மேலே ஒரு சின்ன வளைவு போதும், பிறகு அழித்துவிடலாம்.

பழைய புத்தகம்: பதிப்பாண்டு பாருங்கள். 1978இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்தும் வேறு வடிவத்தில் இருக்கும். லை, ளை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கும். மற்ற பிள்ளைகள் ஊகித்துத் தாண்டிவிடுவார்கள், இந்த மூவருக்கும் அது புது எழுத்து. 1978க்குப் பிறகும் சில பதிப்பகங்கள் பழைய அச்சையே கொஞ்ச காலம் ஓட்டின, ஆகவே ஆண்டை மட்டும் நம்பாமல் ஒரு பக்கம் புரட்டி ‘லை’, ‘னை’ பார்த்துவிடுங்கள். கதை பிடித்திருந்தால் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பிள்ளை விரலை வரிமேல் ஓட்டட்டும்.

தேர்வு: டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. எழுத்துத் தேர்வுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறியில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்று இருக்கிறது. சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. 10ஆம் வகுப்பு அரசுத் தேர்வில் இவற்றைப் பெற மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 6ஆம் வகுப்பு என்பதால் இப்போது பள்ளி அளவிலேயே கூடுதல் நேரமும் கேள்வியை வாசித்துக் காட்டுவதும் தலைமையாசிரியர் ஒப்புதலோடு செய்யலாம். ஆனால் சான்றிதழ் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2018 சான்றளிப்பு நெறியில் 8 வயது நிறைந்த பிள்ளைக்குத்தான் சான்று என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு என்றும் இருந்தது, இப்போதைய நெறியைச் சான்று தரும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 9ஆம் வகுப்பு ஆரம்பத்தில் பெற்றோரை உட்காரவைத்து மறுமதிப்பீட்டுத் தேதியைச் சொல்லிவிட வேண்டும், அப்போது மறந்தால் 10ஆம் வகுப்பில் சான்று காலாவதியாகிப் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வித்தாள் சின்ன எழுத்தில் இருக்கும்போது பிள்ளை கையில் ஒரு சன்னல் அட்டை இருக்கட்டும். கறுப்பு சார்ட் அட்டையில் 16 செ.மீ. நீளத்தில், ஒரு வரியின் உயரத்துக்கு ஒரு திறப்பு வெட்டினால் ஒரு வரி மட்டும் தெரியும். திறப்பு குறுகினால் புள்ளியும் உகரக் குறியும் மறையும், அகலமானால் அடுத்த வரி எட்டிப்பார்க்கும், ஆகவே அந்தக் கேள்வித்தாளின் வரியை அளந்து வெட்டுங்கள். தேர்வறைக்குள் கொண்டுபோக முன்பே அனுமதி வாங்குங்கள், வகுப்பிலேயே இரண்டு வாரம் பழகியிருக்க வேண்டும்.

---

வெண்ணாறு டிடிபி பதில்:

பாடநூல் பி.டி.எஃப்பைப் போனில் வாய்விட்டுப் படிக்க வைக்கிறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்க. தமிழ் சரியா வந்தா ஆண்ட்ராய்டில் ‘செலக்ட் டு ஸ்பீக்’ படிக்கும், தமிழ்க் குரலை அமைப்பில் இறக்கி வெச்சிருக்கணும். எழுத்து குலைஞ்சு வந்தா பக்கத்தைக் கூகுள் லென்ஸில் படமெடுத்து எழுத்தாக்குங்க. அதுவும் ‘கா’வைக் ‘கர’ன்னு படிக்கிற இடம் உண்டு, ‘க்’கின் புள்ளியை விடுற இடம் உண்டு. அதனால் பிள்ளை கையில் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூலத்தோட ஒரு தடவை ஒத்துப் பார்த்துடுங்க. வேகத்தை இயல்பைவிட ஒரு படி குறைச்சு வைங்க, அப்பதான் விரல் வரியோடு சேர்ந்து போகும்.